நடந்தால் பச்சை, நின்றால் சிவப்பு

லாக்கப்பில் இருந்தவள் வாயைத் திறக்கவில்லை.

"பேசுங்க அண்ணி," என்றாள் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற தையல்காரி. "ஊமையா உக்காந்திருக்கவா இவங்களைக் கூட்டிட்டு வந்தேன்?"

அண்ணி சுவரைப் பார்த்தாள். தெரு பெருக்குவது அவள் வேலை. வேலையிலிருந்தே பிடித்து வந்திருந்தார்கள். பச்சை மேல்சட்டையை மாற்றக்கூட விடவில்லை. அதன் முதுகில் 'நகரும் நகரம்' என்று எழுதியிருந்தது. நகராட்சியின் பெரிய திட்டத்துக்கு வைத்த பெயர்.

சல்லடை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கம்பியருகே உட்கார்ந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஏஜெண்டுகள் வைத்த பெயர் அது. வேலையை விட்டாள். பெயர் விடவில்லை. இப்போது வீண்பழியில் மாட்டியவர்களுக்காகத் தனியாகத் துப்பறிகிறாள். அவளுக்குப் பின்னால் நின்றவன் உதவியாளன். அவனை ரேடியோ என்பார்கள். காரணம் கேட்க வேண்டியதில்லை. சற்று நேரம் அவனோடு ஒரே அறையில் இருந்தால் போதும்.

"என்ன கேஸ் சார்?" சல்லடை இன்ஸ்பெக்டரிடம் கேட்டாள்.

"குடோன்ல பெட்டி பெட்டியா வாட்ச் காணோம். ஊர் பூரா துப்புரவு ஆளுங்க கையில கட்டிவிட நகராட்சி வாங்கினது."

"எப்ப வாங்கினது?"

"மூணு வருஷமாச்சு."

"மூணு வருஷமாக் கட்டாத வாட்ச்சை எடுத்தா கேஸா?" என்றான் ரேடியோ. "இடத்தைக் காலி பண்ணிக் குடுத்ததுக்கு சால்வை இல்ல போர்த்தணும்?"

இன்ஸ்பெக்டர் அவனைக் கவனிக்கவில்லை. "இந்தம்மா வார்டுல மட்டும் சோதனைக்குன்னு ஒரு நாப்பது பேருக்குக் கட்டியிருக்காங்க. போன வருஷத்துல இருந்து. யார் எங்க இருக்காங்கன்னு மேல ஸ்க்ரீன்ல புள்ளி தெரியும். வியாழக்கிழமை காலைல இந்தம்மா புள்ளி குடோனுக்குள்ள. அன்னிக்குத்தான் பெட்டி போயிருக்கு. மனுஷன் பொய் சொல்லுவான், மெஷின் சொல்லாது."

"இது யார் சொன்னது?"

"திட்டத்தோட டைரக்டர்."

"அவரு மனுஷனா, மெஷினா சார்?" என்றான் ரேடியோ.

"சாயங்காலம் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "ரிமாண்ட் ஆனா வேலை தானாப் போயிடும். இந்தம்மா வாயைத் திறந்து எதாவது சொன்னாத்தான் நான் எதாவது பண்ண முடியும்." மேஜையில் போன் அடித்தது. எடுக்கப் போனார்.

தையல்காரி குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் இவங்களுக்கும் பேச்சே கிடையாது மேடம். என் கல்யாணத்தப்ப ஆரம்பிச்ச சண்டை. அண்ணன் லாரியில ஊர் ஊராப் போறவன், போன் பண்ணினா எடுக்க மாட்டான். ஆனா எங்க வீட்டுப் பொம்பளையைத் திருடின்னு பேப்பர்ல போட்டோவோட போட்டிருக்கான். நான் எப்படி மெஷின்ல உக்காந்து துணி தைக்கிறது?"

சல்லடை கைதியைப் பார்த்தாள்.

"கையை நீட்டுங்க."

அண்ணி தயங்கி நீட்டினாள். முழங்கையிலிருந்து விரல் வரை வெயில் ஒரே சீராகக் கறுக்க வைத்திருந்தது.

"ரேடியோ, உன் வாட்ச்சைக் கழட்டு."

"இவங்க திருடலன்னு நிரூபிக்க வந்துட்டு நீங்க என்னோடதை உருவுறீங்களே அக்கா."

கழற்றினான். மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு பட்டை. அவன் நிழலைவிட்டு வெளியே வராதவன். அவனுக்கே அப்படி.

சல்லடை இரண்டு கைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். யாருக்கும் விளக்கவில்லை. தையல்காரிக்குப் புரிந்தது. அவளும் தன் அண்ணியின் கையையே பார்த்தாள்.

"இந்தக் கை ஒரு வருஷமா வாட்ச் கட்டின கை இல்ல," என்றாள் சல்லடை மெல்ல. "அப்ப உங்க வாட்ச் யார் கையில இருந்துச்சு?"

அண்ணி முதல் தடவையாகப் பேசினாள்.

"அதை மட்டும் கேக்காதீங்கம்மா."

"ஜெயிலுக்குப் போவீங்க."

"நான் போனா ஒரு வீட்டுலதான் உலை வைக்க மாட்டாங்க. சொன்னா ஒரு தெருவுக்கே இல்ல."

மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

*

வார்டு கொட்டகை தகரக் கூரை போட்டது. துடைப்பங்கள் ஒரு மூலையில் சாய்ந்திருந்தன. காலை வேலை முடிந்து ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சல்லடை உள்ளே வந்ததும் எல்லோருடைய கைகளும் மேல்சட்டைப் பைக்குள் போயின.

"இவ்வளவு குளிரா இங்க?" என்றான் ரேடியோ, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

மேஸ்திரி ஓடி வந்தார். வயிற்றுக்கு முன்னால் ஒரு டேப்லெட்டைக் குழந்தைபோல் பிடித்திருந்தார்.

"எல்லாரும் பச்சை மேடம். எங்க வார்டு எப்பவும் பச்சை. நடந்தா பச்சை, நின்னா சிவப்பு. சிவப்பே விழாத வார்டு எங்களுது."

"இவங்கள்லாம் உக்காந்திருக்காங்களே."

"ஆமா."

"பச்சையா?"

மேஸ்திரி டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "அது... மெஷின் கணக்கு வேற மேடம்."

சுவரில் கண்ணாடி போட்ட போட்டோக்கள் வரிசையாக மாட்டியிருந்தன. மாதம் ஒன்று. 'அதிகம் நடந்த பணியாளர்.' ஒவ்வொன்றிலும் டைரக்டர் ஒருவருக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் அவருடைய முகம்தான் கேமராவைப் பார்த்தது. சல்லடை கடைசிப் போட்டோவின் முன் நின்றாள். சான்றிதழ் வாங்கும் அம்மாவின் அக்குளில் ஒரு ஊன்றுகோல் இருந்தது. கீழே, பாதத்திலிருந்து முழங்கால் வரை மாவுக்கட்டு.

"இவங்க யாரு?"

மூலையில் ஒரு கை உயர்ந்தது. அந்த அம்மாவின் கட்டை இன்னும் பிரிக்கவில்லை.

"கால் எப்பம்மா ஒடிஞ்சது?"

"போன மாசம் ஆரம்பத்துலயே. சாக்கடை மூடி திறந்து கிடந்துச்சு."

"அந்த மாசம்தான் வார்டுலயே அதிகமா நடந்திருக்கீங்க."

யாரோ டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ரெண்டு காலும் ஒடிஞ்சிருந்தா பதக்கமே குடுத்திருப்பாங்க," என்றான் ரேடியோ.

ஒருத்தி சிரித்துவிட்டாள். மற்றவர்கள் அவளை முறைத்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. எழுந்து வந்தாள். அவளை வாயாடி என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க நகராட்சி ஆளா?"

"இல்ல. உள்ள இருக்கறவங்களுக்காக வந்தவ."

"அப்ப கேட்டுக்குங்க. மார்க்கெட் முனையில ஒரு குப்பைத்தொட்டி. அதைச் சுத்திப் பெருக்கி அள்ள அரை மணி ஆகும். அந்த அரை மணியும் வாட்ச்சுக்கு நாங்க சும்மா நிக்கிறோம். சிவப்பு. அரை நாள் சம்பளம் கட். ஒதுங்கப் போனா சிவப்பு. தண்ணி குடிச்சா சிவப்பு. துடைப்பத்தைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ஊர் சுத்தினா பச்சை. வேலை செஞ்சாத்தான் இதுல மாட்டுவோம்."

"போய்ச் சொல்லலையா?"

"சொன்னோம். டைரக்டரு சிரிச்சாரு. நடந்துக்கிட்டே பெருக்கப் பழகுங்கன்னாரு."

"அதனால வாட்ச்சைக் கழட்டி..."

"வாயாடி!" என்று மேஸ்திரி கத்தினார்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கொட்டகையில் அது அபூர்வமாக இருந்திருக்க வேண்டும். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொல்ல வேண்டாம்," என்றாள் சல்லடை. "நானே பாத்துக்கறேன்."

வெளியே வந்ததும் ரேடியோ கேட்டான். "எப்படிப் பாத்துக்கப் போறோம்?"

"நாப்பது வாட்ச். எல்லாம் தினமும் நடக்கணும். ஒவ்வொரு தெருவுக்கும் போகணும். ஆள் நடக்கற வேகத்துல போகணும். அங்கங்க கொஞ்சம் நின்னு நின்னு போகணும், அப்பத்தான் பெருக்கற மாதிரி இருக்கும். இந்த வார்டுல அப்படிப் போறது யாரு?"

"தபால்காரர்?"

"ஸ்கூட்டர்ல பறக்கறாரு."

"பால்காரர்?"

"விடிஞ்சதும் முடிஞ்சிடும்."

"கவுன்சிலர்னு சொல்லலாம். ஆனா அவரு எலெக்ஷனுக்குத்தான் நடப்பாரு."

தெருக்கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. இழுத்து, சலிப்பாக, பல வருடம் கத்திக் கத்தித் தேய்ந்த குரல்.

"பழைய பேப்பர்... இரும்பு, பித்தளை..."

ரேடியோ நின்றான். சல்லடை ஏற்கனவே நடக்கத் தொடங்கியிருந்தாள்.

*

பேப்பர்காரருக்கு அறுபது வயது இருக்கலாம். தள்ளுவண்டியில் செய்தித்தாள் கட்டு, ஒரு துருப்பிடித்த மின்விசிறி, மூன்று கால் நாற்காலி. அடியில் ஒரு கோணிச் சாக்கு.

"சாக்குல என்னங்க?" என்றாள் சல்லடை.

"துணி."

"துணியை விலைக்கு எடுக்க மாட்டீங்களே. பேப்பர், இரும்பு, பித்தளைன்னுதானே கத்தினீங்க?"

அவர் பதிலுக்கு யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் வண்டி உறுமியது.

அப்படித்தான் சொல்ல வேண்டும். வண்டியின் அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல். மின்விசிறியின் இறக்கை அதிர்ந்தது. நாற்காலி நடுங்கியது. ரேடியோ துள்ளிப் பின்வாங்கினான்.

"ஐயோ, இதுங்க ஆரம்பிச்சிடுச்சு," என்று பேப்பர்காரர் வண்டியைத் தள்ளினார். பத்தடி போனதும் உறுமல் நின்றது. "ரொம்ப நேரம் நிக்க விடாதுங்கம்மா. நடந்துக்கிட்டே பேசுங்க."

நடந்துகொண்டே பேசினார்கள். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. பிறகு திரும்பி இந்த முனைக்கு. டீக்கடைக்காரர் பழகிய கண்ணோடு பார்த்தார். பேப்பர்காரருக்கு அவர் கிளாஸைக் கையில் கொடுக்க, இவர் கடையைச் சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டே குடித்தார்.

"ஊர்லயே கடுமையா உழைக்கிற சாக்கு இதுதான் அக்கா," என்றான் ரேடியோ. "டீ குடிக்கக்கூட நிக்கறதில்ல."

சல்லடை சாக்கின் வாயைப் பிரித்தாள். நின்றால் அதிர்ந்து எச்சரிக்கும் கறுப்புக் கடிகாரங்கள் குவியலாகக் கிடந்தன. பட்டைகளில் பிளாஸ்திரி ஒட்டி ஒவ்வொரு பெயராக எழுதியிருந்தது. ஒன்றை மட்டும் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார்கள். பட்டை புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. பெயரைப் படித்தாள். ஆணின் பெயர், பின்னால் ஒரு பட்டப்படிப்பு.

"இதுக்கு மட்டும் ஏன் போர்வை?"

"மேஸ்திரி குடுத்தாரு. மேலிடத்து வாட்ச், கீறல் படக்கூடாது, இதுக்கு முதல்ல சார்ஜ் போடுன்னாரு. யாருதுன்னு எனக்குத் தெரியாது. கொட்டகையில அப்படி ஒரு ஆளை நான் பாத்ததும் இல்ல."

சல்லடை அதைக் கைக்குட்டையோடு சாக்குக்குள் திரும்ப வைத்தாள்.

"வியாழக்கிழமை குடோனுக்குப் போனீங்களா?"

பேப்பர்காரர் நடையைக் குறைத்தார். வண்டி முனகியது. மறுபடி வேகம் பிடித்தார்.

"கூப்பிட்டாங்க, போனேன். குடோன் ஆளே பூட்டைத் திறந்துவிட்டாரு. பெட்டியெல்லாம் எடுத்துட்டுப் போயிடு, சும்மாவே எடுத்துக்கோன்னாரு. மேல இருந்து எதோ ஆய்வுக்கு வர்றாங்களாம். டைரக்டர் சொல்லிட்டாரு, வர்றதுக்குள்ள காலி பண்ணணும்னு. மூணு நடை அடிச்சேன். பிரிச்சுப் பாத்தா ஒண்ணுகூட ஓடல. பேட்டரி எல்லாம் தவளை மாதிரி உப்பிக் கிடக்கு. என் கடையிலதான் இருக்கு, வந்து பாருங்க."

"இதைப் போலீஸ்ல சொல்லலாமே பெரியவரே?" என்றான் ரேடியோ.

"சொல்லலாம் தம்பி. ஏன் உன் வண்டியில அந்தப் பொம்பளை புள்ளி இருந்துச்சுன்னு கேப்பாங்க. சாக்கைக் காட்டணும். காட்டினா அவ வெளிய வருவா. மீதிப் பேரு எல்லாம் வேலை போயி வெளிய வருவாங்க. நேத்து ராத்திரி பூரா இதைத்தான் யோசிச்சேன். எனக்கு அவ்வளவு படிப்பு இல்ல."

"படிச்சவங்க போட்ட முடிச்சுதான் இது," என்றாள் சல்லடை. "நீங்க நடங்க."

*

கட்டுப்பாட்டு அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. சுவர் முழுக்க ஸ்க்ரீன். அதில் பாதி கறுப்பாக இருந்தது. 'விரைவில்' என்று அதன்மேல் காகிதம் ஒட்டியிருந்தார்கள். காகிதம் மஞ்சளாகிவிட்டது. எதிரே கண்ணாடி அலமாரியில் விருதுகள். அந்தப் பகுதிக்கு மட்டும் தனி விளக்கு.

டைரக்டர் போனில் இருந்தார். இன்ஸ்பெக்டரையும் சல்லடையையும் கையசைத்து உட்காரச் சொன்னார். ரேடியோவை நிற்கவிட்டார்.

"மச்சினன்," என்றார் போனை வைத்துவிட்டு. "வெளிநாட்டுல மேல்படிப்பு. போயி ஒரு வருஷமாகப் போகுது. அங்க பனி கொட்டுதாம், வெளியவே போறதில்லையாம். சரி, சொல்லுங்க. என்ன சந்தேகம்?"

"கோர்ட்டுல இதைத்தான் காட்டப் போறீங்க," என்றாள் சல்லடை. "அதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பாக்கலாமா?"

"தாராளமா. வெளிநாட்டுக்காரன் எல்லாம் வந்து பாத்துட்டுப் போறான்." கீபோர்டின் முன்னால் இருந்த ஆபரேட்டர் பெண்ணைப் பார்த்து விரலைச் சொடுக்கினார். "வியாழக்கிழமை போடும்மா."

வார்டின் வரைபடம் வந்தது. குடோன் கட்டடத்தின் நடுவில் ஒரு பச்சைப் புள்ளி. பக்கத்தில் அண்ணியின் பெயர்.

"பாத்தீங்களா? முகத்துல அடிச்ச மாதிரி. எங்க சிஸ்டத்துக்குக் கண்ணுல தூசி விழாது."

"அதே நேரத்துல வார்டுல மத்தவங்க எங்க இருந்தாங்க?"

"அவங்கவங்க தெருவுல பெருக்கிக்கிட்டு." சொடுக்கு. "காட்டும்மா."

ஆபரேட்டர் வரைபடத்தைச் சுருக்கினாள். வார்டு முழுதும் தெரிந்தது. தெருக்கள், மார்க்கெட், கொட்டகை. எங்கேயும் ஒரு புள்ளி இல்லை. குடோனில் மட்டும் அந்த ஒன்று.

"அன்னிக்கு எல்லாரும் லீவா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நெட்வொர்க் பிரச்சனையா இருக்கும்."

"அந்தப் புள்ளியை ஒரு தடவை அமுக்குங்கம்மா," என்றாள் சல்லடை.

ஆபரேட்டர் டைரக்டரைப் பார்த்தாள். அவர் சரி என்பதுபோல் அலட்சியமாகத் தலையாட்டினார். அமுக்கினாள்.

புள்ளி விரிந்தது. அண்ணியின் பெயருக்குக் கீழே ஒரு பெயர் வந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி இறங்கி, சுவரின் அடி வரை வந்தும் நிற்கவில்லை.

"ஒண்ணு மேல ஒண்ணு இருக்கு சார்," என்றாள் ஆபரேட்டர். "எல்லாரும் ஒரே இடத்துல இருந்தா ஒரே புள்ளியாத்தான் தெரியும். கடைசியா எந்த வாட்ச் சிக்னல் குடுத்துச்சோ அந்தப் பேரு மேல வரும். அது மாறிக்கிட்டே இருக்கும்."

"நீங்க பிரிண்ட் எடுத்த நொடியில இந்தம்மா பேரு மேல இருந்துச்சு," என்றாள் சல்லடை.

"ஒரு நொடி முன்னால எடுத்திருந்தா மாவுக்கட்டு அம்மா உள்ள போயிருப்பாங்க," என்றான் ரேடியோ. "ஊன்றுகோலோட."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "இதுக்குக் கீழ பேரு இருக்குன்னு நீங்க எனக்குச் சொல்லவே இல்லையே சார்."

டைரக்டருக்கே அது அப்போதுதான் தெரிந்தது. திட்டம் தொடங்கிய நாளிலிருந்து அவர் ஒரு புள்ளியைக்கூட அமுக்கிப் பார்த்ததில்லை. அமுக்க ஆள் வைத்திருந்தார். கண்ணைச் சுருக்கி ஸ்க்ரீனைப் பார்த்தார். அப்புறம் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. சல்லடைக்கு அந்த வெளிச்சம் பிடிக்கவில்லை.

"கூட்டுக் கொள்ளை!" என்றார். மேஜையில் தட்டினார். "மொத்த வார்டும் கூட்டு! நாப்பது பேரு சேர்ந்து குடோனைக் காலி பண்ணியிருக்கான். ஒருத்தியைப் பிடிச்சோம், சிஸ்டம் நாப்பது பேரைக் குடுக்குது. எல்லாரையும் தூக்குங்க இன்ஸ்பெக்டர். ஏம்மா, பத்திரிகைக்காரங்களுக்குப் போன் போடு."

ரேடியோ சல்லடையைப் பார்த்தான். அவனுக்குப் பேச்சு வரவில்லை. ஒருத்தியைக் காப்பாற்ற வந்து, ஒரு கொட்டகையையே லாக்கப் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியாகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார்.

"நல்லது," என்றாள் சல்லடை. "விடக்கூடாது, ஒருத்தரைக்கூட. பேரை ஒவ்வொண்ணாப் படிங்கம்மா. சார் எழுதிக்கட்டும்."

ஆபரேட்டர் படித்தாள். இன்ஸ்பெக்டர் எழுதினார். டைரக்டர் நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார். பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. கிட்டத்தட்ட முடியும் இடத்தில் ஆபரேட்டர் நின்றாள்.

"படி," என்றார் டைரக்டர்.

"சார்..."

"என்ன முழிக்கறே? படிம்மா சத்தமா!"

படித்தாள். ஆணின் பெயர், பின்னால் ஒரு பட்டப்படிப்பு.

கால்மேல் இருந்த கால் கீழே இறங்கியது.

"இது உங்க மச்சினர் பேரு இல்லையா சார்?" என்றாள் ஆபரேட்டர். வேண்டுமென்றே கேட்டாளா, வெகுளியாகக் கேட்டாளா என்று அவள் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

"வெளிநாட்டுல பனியில மாட்டிக்கிட்டு வெளியவே வராதவரா?" என்றான் ரேடியோ. பேச்சு திரும்பிவிட்டது. "தினமும் காலைல வந்து தெரு பெருக்கிட்டுப் போறாரா? என்ன ஒரு உழைப்பு!"

"ஒரு வருஷமா ஒரு நாள்கூட சிவப்பு இல்ல," என்றாள் சல்லடை. "எழுதிக்குங்க இன்ஸ்பெக்டர். சம்பளம் எந்த அக்கவுண்டுக்குப் போகுதுன்னும் விசாரிக்கணும். அப்புறம், பெட்டிங்க எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். அதை எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டு, ஓடாத வாட்ச்சைத் திருட்டுக் கணக்குல எழுதினது யாருன்னும் தெரியும். ஆய்வுக்கு வர்றவங்களுக்கும் தெரிஞ்சா நல்லதுதான்."



இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். பெரிய நேர்மைக்காரர் இல்லை. ஆனால் எந்தப் பக்கம் மலை சரிகிறது என்று பார்க்கத் தெரிந்தவர். "சார், நான் இங்க ஒண்ணையும் பாக்கல. எனக்கு வேண்டியது ஒண்ணுதான். புகார் இருக்கா, இல்லையா?"

"பெட்டி..." டைரக்டர் அலமாரியிலிருந்த விருதுகளைப் பார்த்தார். "பெட்டி காணாமப் போகல. இடம் மாத்தி வச்சிருக்காங்க. நிர்வாகப் பிழை. வாபஸ் வாங்கிக்கறேன். எழுதி அனுப்பிடறேன்."

"அனுப்ப வேண்டாம்," என்றாள் சல்லடை. "நீங்களே வாங்க."

வெளியே படியிறங்கும்போது ரேடியோ கேட்டான். "இவனை இப்படியே விட்டுடறதா அக்கா? மச்சினன் சம்பளம், செத்துப்போன பெட்டி, எல்லாத்தையும்?"

"இவனை இழுத்தா சாக்கு வரும். சாக்கு வந்தா அவங்க வருவாங்க."

"அதான் அவன் பலமா?"

"அவனுக்கு அதுகூடத் தெரியாது," என்றாள் சல்லடை. "அதுதான் எரியுது."

*

ஸ்டேஷன் வாசலில் பச்சை மேல்சட்டைகள் நின்றன. வாயாடி முன்னால் இருந்தாள். ஊன்றுகோல் அம்மாவும் வந்திருந்தாள். யாரும் கோஷம் போடவில்லை. சும்மா நின்றார்கள்.

டைரக்டர் காரிலிருந்து இறங்கி அவர்களைப் பார்க்காமல் உள்ளே போனார். கையெழுத்துப் போட்டார். இன்ஸ்பெக்டர் பூட்டைத் திறந்தார்.

"போகலாம்மா."

அண்ணி எழுந்திருக்கவில்லை. கம்பி வழியாகச் சல்லடையைப் பார்த்தாள்.

"மத்தவங்க?"

"யார் மேலயும் ஒண்ணும் இல்ல. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அண்ணி மூச்சை விட்டாள். நேற்றிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சாக இருக்க வேண்டும். எழுந்து வெளியே வந்து டைரக்டரின் எதிரில் நின்றாள். அவர் அவளைவிட ஒரு சாண் உயரம்.

"எதுக்குப் பிடிச்சீங்க, எதுக்கு விடறீங்க?"

"ஒரு சின்னக் கோளாறும்மா," என்றார் டைரக்டர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. "கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லிடுச்சு. மனசுல வச்சுக்காதே."

"கம்ப்யூட்டர் என்னைத் திருடின்னு சொல்லல சார். அது என் பேரைச் சொல்லுச்சு. திருடின்னு சொன்னது நீங்க."

ரேடியோ எதையோ சொல்ல வாயெடுத்தான். சல்லடை அவன் கையைத் தொட்டாள். மூடிக்கொண்டான்.

"சரி, இப்ப என்ன பண்ணணும்ங்கற?"

"சொன்ன வாயாலயே இல்லைன்னு சொல்லுங்க."

டைரக்டர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் ஜன்னலைப் பார்த்தார். டைரக்டர் சல்லடையைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தம்மா திருடல," என்றார் டைரக்டர்.

"எனக்குக் கேக்கல," என்றாள் தையல்காரி. வந்து தன் அண்ணியின் பக்கத்தில் நின்றுகொண்டாள். தோள் தோளில் இடித்தது. இருவரும் நகரவில்லை.

"இந்தம்மா திருடல."

"எனக்குக் கேட்டுச்சு," என்றாள் அண்ணி. "அவங்களுக்குக் கேக்கல." வாசலைக் காட்டினாள்.

டைரக்டர் வாசல்படிக்குப் போனார். பச்சை மேல்சட்டைகள் அவரைப் பார்த்தன. எதிர்க்கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தவர் தராசை நிறுத்தினார். கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு டைரக்டர் மூன்றாவது தடவை சொன்னார். தெரு முனை வரை கேட்டது.